முட்டை வேனின் மூன்றாம் கியர்

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதில், ஒரு விடிகாலை கோழிப்பண்ணைச் சுவரின் மூலை இடிந்து கிடந்தது. யார் இடித்தது என்று தெரியவில்லை. முந்தின நாள் தீவன மூட்டை இறக்கிவிட்டுப் போன டிராக்டர்காரன்தான் என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். அவனைத் திட்டிக்கொண்டே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த நங்கையா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார்.

“அவனை எதுக்குடா திட்டறே? நாந்தான் இடிச்சேன். வேனைப் பின்னால எடுக்கறப்பத் திரும்பிப் பாக்கலை.”

“அப்பவே சொல்ல வேண்டீதுதானே அக்கா?”

“இப்பச் சொல்றேனல்ல.”

அன்று மத்தியானமே சிமெண்டு குழைத்து அவரே பூசினார். கொத்தனார் பூசியது மாதிரி வரவில்லை. மேடும் பள்ளமுமாக, அங்கங்கே விரல் பதிந்து, பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. “கோழிக்கு இது போதும்” என்று கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அவரைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு காலையே போதுமாக இருந்திருக்க வேண்டும். தன் மேல் தப்பு இருந்தால் பிறர் கேட்பதற்கு முன்னால் வந்து சொல்லிவிடுவார். தப்பு இல்லையென்றால், அதை அவர் மேல் வைப்பதற்கு ஊரே திரண்டு வந்தாலும் முடியாது. “இருந்தா ஏத்துக்குவேன், இல்லாட்டி ஏத்துக்க மாட்டேன். இதுல என்ன இருக்குது?” என்பார். அதில் என்னென்னவோ இருந்தது. அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

நங்கையா என்பது அவருடைய பெயரில்லை. எங்கள் நாமக்கல் பக்கம் கணவரின் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். மழையை நம்பி வெறுத்துப்போன பல குடும்பங்கள் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்த சமயம். என் மாமனாரும் மானாவாரிக் காட்டில் பாதியைப் பண்ணையாக்கி, பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கியிருந்தார். சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒருவன் குடித்தான், ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டான். தன் கல்யாணத்துக்கு முன்னாலேயே அப்பாவின் டிராக்டரில் உழவு ஓட்டிப் பழகியிருந்த நங்கையா, ஒரு நாள் சாவியை எடுத்துக்கொண்டார். முட்டை கெட்டுப்போகும் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

லைசென்ஸ் எடுக்கப் போன கதையை மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதிகாரி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏம்மா, உங்க வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?” என்று கேட்டாராம். “இருக்காங்க சார், அவுங்களுக்கு ஓட்டத் தெரியாது” என்றாராம் இவர். பின்னால் நின்றுகொண்டிருந்த மாமனாருக்கு மானம் போய்விட்டதாம். ஆனாலும் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும்.

நெட்டையான, எலும்பு தெரிகிற உடம்பு. புடவைக்கு மேல் தம்பியின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “செருப்புப் போட்டா கிளட்ச்சு சொல்றது காலுக்குக் கேக்காது” என்றார். காலையில் முட்டை அடுக்கும்போது யாரோடும் பேச மாட்டார். அட்டை அட்டையாக அடுக்கி, சந்துகளில் வைக்கோல் திணித்து, கயிறு கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். ராசிபுரம் வழியாகச் சேலம், அங்கே அம்மாபேட்டைக் கடைகள், அஸ்தம்பட்டியில் ஒன்றிரண்டு விடுதிகள், சந்தை நாளில் எடப்பாடி. இதுதான் அவர் சுற்று. திரும்பி வரும்போது மடியில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கும். எனக்கும் ஒரு பிடி கொடுப்பார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், வேனிலிருந்து இறங்கியவர் கதவைச் சாத்தாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூணாவது கியரு நிக்க மாட்டேங்குது” என்றார்.

ராசிபுரம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை மேடு உண்டு. அதில் ஏறும்போது கியர் லிவர் தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறதாம். எஞ்சின் வெறுமனே அலறும், சக்கரத்துக்கு இழுப்பு இருக்காது, வண்டி பின்னால் போகப் பார்க்கும். சட்டென்று பிரேக் போட்டால் பின்னாலிருக்கும் முட்டை அத்தனையும் ஒன்றோடொன்று மோதும். அன்றைக்கு அடுக்கின் கீழ் வரிசை முழுக்கக் கூழாகிவிட்டது. வேனின் அடித்தகட்டில் வழிந்த மஞ்சளை நானும் அவரும் சாம்பல் போட்டுத் துடைத்தோம்.

நங்கையா ஓட்ட, என் கணவர் வேனைச் சேலம் ரோட்டிலிருந்த பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் வயதானவர், கைராசிக்காரர் என்று பேர். சம்மட்டிச் சத்தத்துக்காக இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். என்ன கோளாறு என்று நங்கையா சொல்லச் சொல்ல, அவர் என் கணவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டினாராம். கியரைப் பிடித்து நிறுத்துகிற சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கும் என்று மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே மறுபடியும் விழுந்தது. கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்து, உள்ளே பல் தேய்ந்ததையெல்லாம் மாற்றினார். மறுபடியும் விழுந்தது.

மூன்றாம் முறை, பட்டறைக்காரரும் என் கணவரும் வேனை எடுத்துக்கொண்டு ராசிபுரம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் கியர் ஆணி அடித்தது மாதிரி நின்றது. பட்டறைக்காரர் என் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: “வண்டியில ஒண்ணுமில்லீங்க. ஓட்டற கைதான். பொம்பளைங்க கிளட்ச்ச முழுசா மிதிக்க மாட்டாங்க. கைய லிவர் மேலயே வெச்சிருப்பாங்க. அந்தப் பாரத்துக்கு அது நழுவிக்கும்.”

என் கணவர் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். நங்கையா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை.

“இருக்கலாம். பாத்துச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு என்னிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் கிளட்சைத் தரையோடு ஒட்ட மிதித்துக் கியர் போட்டிருக்கிறார். போட்டதும் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அம்மாபேட்டை வரைக்கும் ஒற்றைக் கையால்தான் ஸ்டியரிங். ஏரிக்கரை மேட்டில் கியர் விழுந்தது.

“எங்கையை நானே சந்தேகப்பட்டுப் பாத்துட்டேன் அம்மிணி. கை இல்லை” என்றார்.

ஆனால் பேச்சு அதற்குள் பட்டறையிலிருந்து கிளம்பியிருந்தது. உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் பெண்கள் குசுகுசுத்தார்கள். கியர் போய், முட்டை போய், பேச்சு வெறும் கையில் வந்து நின்றது. அந்தக் கையில் எதுவும் தங்காது என்றார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நங்கையாவை எடப்பாடிப் பக்கம் தறியும் காடும் உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பல வருடம் குழந்தை இல்லை. கோயில் கோயிலாகப் போனார், சொன்ன கஷாயமெல்லாம் குடித்தார். கடைசியில் தானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டியில் ஒரு லேடி டாக்டரிடம் போனார். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, இவரிடம் ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டி வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் போகவில்லை. “எனக்கென்ன கேடு?” என்று கேட்டிருக்கிறார். வேறு பெண் பார்க்கிற பேச்சு அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. குறை எனக்குத்தான் என்று பெரியவர்கள் முன்னால் இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர்களுக்கு எல்லாம் மரியாதையாக முடிந்துவிடும். இவர் சொல்லவில்லை. ஒரு நாள் காட்டிலிருந்து திரும்பி வந்தபோது இவர் பெட்டி வாசலில் இருந்தது.

இதை ஊரில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். “வாழாம வந்துட்டா” என்பார்கள். அவ்வளவுதான்.

பின்னால் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வருடம் கழித்து, அந்த மனிதருக்கு இரண்டாவது கல்யாணமும் ஆகிவிட்ட பிறகு, நான் நங்கையாவோடு எடப்பாடிச் சந்தைக்குப் போயிருந்தேன். அந்தப் புதுப் பெண் மாமியாரோடு சாமான் வாங்க வந்திருந்தாள். ஒடிந்து விழுகிற மாதிரி இருந்தாள். மணிக்கட்டில் மந்திரித்த கயிறுகள் கட்டியிருந்தன. கடைக்காரர்கள் இவரையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நங்கையா வேனிலிருந்து இறங்கி நேரே அவளிடம் போனார்.

“சாமி, டாக்டர்கிட்டப் போறதா இருந்தா ஒத்தையாப் போயிராதே. அவரையும் இழுத்துக்கிட்டுப் போ. நான் அவரில்லாமப் போயித்தான் ஏமாந்தேன்.”

மாமியாருக்கு ஆவேசம் வந்துவிட்டது. “ஏண்டி, வாழாவெட்டி நாயி, எங்க ஊட்டுப் புள்ளைக்குப் புத்தி சொல்ல வந்திட்டயா?” என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

நங்கையா குரலை உயர்த்தவே இல்லை. “சத்தம் போடாதீங்க. முட்டை வேணும்னாச் சொல்லுங்க, எடுத்துத் தாரேன்” என்றார். அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தி இவரை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தப் பார்வை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கியர் விழுந்துகொண்டிருந்த நாட்களுக்குத் திரும்புகிறேன். கைராசிப் பேச்சு என் கணவர் காதுக்கும் வந்தது. அவர் கெட்டவரில்லை. நாலு பேர் சொல்வதற்கு எதிராக நிற்க முடியாதவர். நாமக்கல்லில் ஒரு டிரைவரிடம் பேசி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். சொல்லி வைத்தது மாதிரி அந்த வாரமே எடப்பாடியில் நங்கையாவின் புருஷன் வீட்டிலிருந்தும் சேதி வந்தது. அவர்கள் வீட்டுக் கிழவிக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், பேசி முடித்து அழைத்துப்போகிறோம் என்றார்கள். வண்டியும் இல்லையென்றால் அக்காள் இங்கே என்ன செய்வாள், போய் அங்கேயாவது இருக்கட்டும் என்று என் கணவர் கணக்குப் போட்டார். மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் என் கணவர் அதைச் சொன்னார். வேன் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. நங்கையா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“டிரைவர் திங்கக்கெழமைதானே வாரான்? அது வரைக்கும் கோழி முட்டை போடாம இருக்குமாடா?”

என் கணவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. முட்டை அடுக்கிக் கயிறு கட்டியதும் நங்கையா என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, எங்கூட வா. எங்கண்ணு ரெண்டும் ரோட்டுக்கு வேணும். கியரைப் பாக்கறதுக்கு உங்கண்ணு வேணும்.”

அதுவரைக்கும் நான் அந்த வேனின் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஏறியதும் அவர் பிளேடால் கியர் லிவரின் அடியைச் சுற்றியிருந்த தோல் உறையை அறுத்து எடுத்தார். தரைத்தகட்டில் ஓர் ஓட்டை, அது வழியாக லிவர் மேலே வந்திருந்தது. ஓட்டைக்குக் கீழே கியர்பாக்ஸின் மண்டை தெரிந்தது.

“இத்தனை நாளா ஒண்ணு யோசிச்சுப் பாக்கவே இல்லை பாரு” என்றார் போகும்போது. “போறப்பத்தான் விழுது. திரும்பி வாரப்ப ஒருநாளும் விழுந்ததில்லை. போறப்ப ஒரு கை, வாரப்ப வேற கையா? தம்பியும் பட்டறைக்காரரும் காலி வண்டிய ஓட்டிப்போட்டு நல்லாருக்குதுன்னாங்க. பாரம் இருந்தாத்தான் விழுது. அப்ப பாரம் இழுக்கறப்ப உள்ளுக்குள்ள எதுவோ நடக்குது. அது என்னன்னு நீ பாத்துச் சொல்லு.”

ஏரிக்கரை மேடு வந்தது. நான் சீட்டிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, ஓட்டைக்குள் பார்த்தபடி இருந்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. நங்கையா மூன்றாவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. அப்போது கீழே அந்த இரும்பு மண்டை மெல்ல எழும்பியது. படுத்திருந்த மாடு எழுந்திருக்கப் பார்ப்பது மாதிரி எழும்பிச் சாய்ந்தது. அதோடு சேர்ந்து லிவரும் சாய்ந்து, ஓட்டையின் முன் விளிம்பில் போய் முட்டியது. இன்னும் கொஞ்சம் எழும்பியது. விளிம்பு லிவரை ஒரே தள்ளாகப் பின்னுக்குத் தள்ளியது. எஞ்சின் அலறியது.

நங்கையா பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

“நழுவுச்சா?”

“இல்லீங்க நங்கையா” என்றேன். “அது தானா நழுவலீங்க. தள்ளுதுங்க. தகடு இடிச்சு வெளிய தள்ளுதுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். ஓட்டையின் முன் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு தேய்ந்து வெள்ளியாக மின்னியது. பல நாளாக முட்டி முட்டித் தேய்ந்த இடம். என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

“தொட்டுப் பாரு” என்றார். “நல்லாத் தொட்டுப் பாரு.”

பிறகு இரண்டாவது கியரிலேயே மேடேறி, சேலம் போய், முட்டையை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முட்டை ஏற்றி முடித்ததும், “அப்பா, ஏறுங்க. டேய் தம்பி, நீயும் ஏறு. பட்டறைக்குப் போறோம்” என்றார். அவர்கள் எதற்கு என்று கேட்பதற்குள் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமனார் முன்னால் உட்கார, நானும் என் கணவரும் பின்னால் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பட்டறைக்காரர் வேனைப் பார்த்ததுமே சலித்துக்கொண்டார். “எத்தனை தடவைங்க பாக்கறது? வண்டி நல்லாத்தானுங்க இருக்குது.”

“ஏனுங்ணா, ஒரே ஒரு தடவை. நீங்களே ஓட்டுங்க. இதே பாரத்தோட அந்த ஏரிக்கரை மேடேறிக் காட்டுங்க.”

“முட்டையோடயா?”

“முட்டையோடதான். காலி வண்டிய ஓட்டறதுக்கு என்னத்துக்கு உங்க கை?”

பட்டறையில் இரண்டு லாரிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நங்கையா நடுவில் எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். மேட்டின் பாதியில் கியர் விழுந்தது. எஞ்சின் அலற, வேன் பின்னால் சரிய, அவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். என் கணவர் மேல் ஒரு அடுக்கு சாய்ந்தது. தலையிலிருந்து வெள்ளைக்கரு வழிய அவர் அப்படியே நின்றார்.



“இப்ப லிவர் மேல யார் கைங்ணா இருந்துச்சு?” என்று கேட்டார் நங்கையா.

பட்டறைக்காரர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். அது ஸ்டியரிங்கில்தான் இருந்தது. நங்கையா அந்தத் தேய்ந்த விளிம்பைக் காட்டினார். அவர் குனிந்து, வெகுநேரம் பார்த்து, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டே முதல் கியர் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி போக முடியாமல் திணற, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து எழும்பின. கியர்பாக்ஸின் வால்பக்கத்தைத் தாங்கியிருந்த ரப்பர் கட்டை வாயைப் பிளந்தது. கிளட்சை மிதித்ததும் மூடிக்கொண்டது. உள்ளே முழுக்கக் கிழிந்திருந்தது. வண்டி நிற்கும்போது பாரத்தில் ஒட்டிக்கொண்டு முழுசாகத் தெரிந்திருக்கிறது.

“மவுண்டிங்கு போயிருக்குதுங்க” என்றார் பட்டறைக்காரர் மெல்ல.

“சத்தமாச் சொல்லுங்ணா. எங்கப்பாவுக்குக் கேக்கலை.”

“ரப்பரு கிழிஞ்சிருக்குதுங்க. இழுக்கறப்ப எஞ்சின் தூக்கி, லிவரை இடிச்சுத் தள்ளுதுங்க. கியர்பாக்ஸப் பிரிச்சதே வீண்வேலைங்க.” மாமனாரைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சொன்னார். “உங்க பொண்ணு கையில ஒண்ணும் தப்பில்லீங்க.”

மாமனார் வாயில் வெற்றிலை இல்லாமலே எதையோ மென்று விழுங்கினார். புது ரப்பர் போட்டு மத்தியானம் வண்டியைக் கொடுத்தார்கள். மறுநாள் நங்கையா முழுப் பாரத்தோடு போய்வந்தார். மூன்றாவது கியர் அசையவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நங்கையா தம்பியிடம், “அந்த டிரைவரை வர வேண்டாம்னு சொல்லிரு” என்றார்.

“எப்படிக்கா? பேசியாச்சு. நாளைக்கு எடப்பாடிக்காரங்களும் வாராங்க. இனி உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?”

“கைதான் தப்புன்னு வண்டியைப் புடுங்குனே. கையில தப்பில்லைன்னு ஆயிப்போச்சு. இப்ப என்ன சொல்லிப் புடுங்கறே?”

“அதில்லைக்கா. நாலு பேரு...”

“அந்த நாலு பேரையும் வந்து முட்டை அடுக்கச் சொல்லு” என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலையில் அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அந்த மனிதரும் அவருடைய பெரியப்பாவும். பண்ணைக் கொட்டகைக்கு முன்னால் நாற்காலி போட்டு, நான் காப்பி கொடுத்தேன். நங்கையா வணக்கம் சொன்னார். வாங்க என்றார். பிறகு தன் பாட்டுக்கு முட்டை அட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். பழசையெல்லாம் மறந்துவிடலாம் என்றார். இரண்டாவதாக ஒரு பெண் வந்தாலும் மூத்தவளுக்கு உண்டான மரியாதை குறையாது என்றார். கடைசியில், “ஏதோ கடவுள் உனக்கு அப்படியொரு குறையை வெச்சுட்டான். அதை ஒத்துக்கிட்டு வந்தீன்னா அல்லாரும் நல்லபடியா இருக்கலாம் கண்ணு” என்றார்.

நங்கையா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல முடிச்சு முடியும் வரை பேசவில்லை.

“பெரியவங்க கேக்கறாங்களே, பதில் சொல்லு சாமி” என்றார் மாமனார்.

நங்கையா திரும்பி, பெரியப்பாவைப் பார்க்காமல் அந்த மனிதரைப் பார்த்தார். “ஏனுங்க, டாக்டர்கிட்டப் போனீங்களா?”

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “பெரியப்பா பேசிட்டு இருக்கறப்ப நீ...”

“அவங்க பேசட்டும். போனீங்களா, இல்லியா?”

“எனக்கென்ன கேடு?”

“அது பாத்தாத்தானுங்க தெரியும். எங்க குறைன்னு இன்னும் பாக்கவே இல்லை. பாக்காம எம்மேல போட்டா நான் வாங்கிக்க மாட்டேன். உங்க பாட்டிக்கு முடியலைன்னா ஒரு நர்சம்மாவை வையுங்க. நான் வாரதா இல்லை.”

செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பெரியப்பா எழுந்துவிட்டார். இதுதான் நீ பெண் வளர்த்த லட்சணமா என்று மாமனாரைப் பார்த்துக் கேட்டார். மாமனார் தரையைப் பார்த்தபடி, “அவ கேட்டதுல தப்பென்னுங்க இருக்குது?” என்றார். மகளுக்காக அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. வேன் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

நான் கேட்டுக்குப் பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். என் கணவர் முகம் சிவந்து, “கேட்டைச் சாத்து!” என்று கத்தினார். “சாத்துன்னு சொல்றேனல்ல! போகட்டும் பாக்கலாம்!”

அந்த நாள் வரைக்கும் அவர் சொன்ன ஒன்றையும் நான் செய்யாமல் விட்டதில்லை. தட்டைத் தரையில் வைத்தேன். பாதி சாத்தியிருந்த இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து, வேலியில் போய் முட்டும்வரை அகலத் திறந்தேன்.

வேன் என் பக்கத்தில் வந்து நின்றது. நங்கையா ஜன்னலில் தலையை நீட்டினார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

“அம்மிணி, அந்தக் கல்லைக் கொஞ்சம் அக்கட்டாலப் போடு. ஏறுனா முட்டை ஒடைஞ்சு போகும்.”

சக்கரத் தடத்தில், கேட்டுக்கு முட்டுக்கொடுக்கிற கல் கிடந்தது. என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து அதைத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. கொண்டுபோய் வேலியோரம் போட்டுவிட்டு, கேட் திரும்பச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, வேன் ரோட்டில் ஏறித் திரும்புகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.